ஆர்க்கிட்டைப் பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள்

ஆர்க்கிட் படம் ஒன்றை அனுப்பி "இது என்ன இனம்?" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கா?" இருக்காது. நேருக்கு நேர் எடுத்தது ஒன்று இருக்கும். பின்னணி முழுக்க மங்கிப்போய், பூ மட்டும் பளிச்சென்று நிற்கும். சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. பெயரைத்தான் அடித்துச் சொல்ல முடியாது.

நான் தாவரவியல் படித்ததில்லை. படம் எடுக்கிற ஆசையில் ஆர்க்கிட் பக்கம் போய், பெயர் தெரிந்துகொள்கிற ஆசையில் மாட்டிக்கொண்ட ஆள். அழகுக்காக எடுக்கிற படமும் அடையாளத்துக்காக எடுக்கிற படமும் வேறு வேறு என்பது இந்த அலைச்சலில்தான் புரிந்தது. இரண்டையும் ஒரே செடியில், உட்கார்ந்த இடத்திலேயே எடுத்துவிடலாம். ஆனால் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பது செடி முன்னால் உட்காரும்போதே மனதில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தாவர நூலைப் புரட்டினால் "தேன்குழாய் சூலகத்தைவிட நீளமா, குட்டையா?" என்று அது கேட்கும். அப்போது செடி எங்கோ இருக்கும், பூவும் வாடியிருக்கும்.

உலகத்தில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. பூவின் அடிப்படை அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வெளியே மூன்று புல்லி இதழ்கள், உள்ளே மூன்று அல்லி இதழ்கள். அந்த உள் மூன்றில் ஒன்று மட்டும் உருமாறி, பூச்சி வந்து இறங்குகிற மேடையாக நிற்கும், அதுதான் உதட்டிதழ். நடுவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாக இணைந்து ஒரு சிறு தூண். ஒரு பூ ஆர்க்கிட்தானா என்று சந்தேகம் வந்தால் நான் தேடுவது இந்தத் தூணைத்தான். மகரந்தத்தாள்கள் தனித்தனியாகக் குச்சி குச்சியாக நின்றால் அது ஆர்க்கிட் இல்லை, வேறு வழியில் தேட வேண்டும்.

அமைப்பு ஒன்றே என்பதால் இனத்துக்கு இனம் வித்தியாசமெல்லாம் சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது. உதட்டிதழுக்கு எத்தனை மடல், ஓரம் மழுங்கியதா கிழிந்ததா, மேலே முகடுகள் இருக்கிறதா, இருந்தால் எத்தனை, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். சீலோகைனி என்கிற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் கூட்டம்தான் பேரினம்) இந்த முகடுகளின் எண்ணிக்கையும் நீளமுமே இனம் பிரிக்கப் பயன்படுகின்றன. அதனால் உதட்டிதழை நான் மூன்று விதமாக எடுப்பேன்: நேராக, சற்று மேலிருந்து உள்ளே பார்க்கிற மாதிரி, அப்புறம் பக்கவாட்டில். மேலிருந்து எடுக்கிற அந்த ஒரு கோணம்தான் முகடுகளைக் காட்டும். நேர்ப்படத்தில் அவை சுருங்கி ஒன்றாகிவிடும்.

நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. ஊதாப் பூ பூக்கிற இனத்தில் வெள்ளைப் பூ பூக்கிற செடி ஒன்று கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும். வடிவம் ஒத்துப்போய் நிறம் மட்டும் மாறியிருந்தால் நான் வடிவத்தின் பக்கம்தான் சாய்வேன்.

இப்போது பக்கவாட்டுப் படத்துக்கு வருகிறேன். ஒரு புல்சரிவில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னப் பூக்கள் பூத்த தரை ஆர்க்கிட்கள் கலந்து நின்றன. கூட வந்த நண்பர் எல்லாம் ஒரே செடிதான் என்றார். முன்பக்கம் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தரையோடு தரையாகப் படுத்து, பூவின் பக்கவாட்டைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஒன்றில் உதட்டிதழின் அடியிலிருந்து தேன்குழாய் என்கிற மெல்லிய குழாய் ஒன்று பின்னால் இறங்கி, சூலகத்தையும் தாண்டித் தொங்கியது. இன்னொன்றில் அந்த இடத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிப் பை மட்டும். முதலாவது ஹபினேரியா பேரினம், இரண்டாவது பெரிஸ்டைலஸ். நண்பர் சிரித்துக்கொண்டே, "இதைப் பார்க்கப் படுத்து எழுந்திருக்கணுமா?" என்றார். ஆமாம், படுத்தாக வேண்டும்.

ஹபினேரியாவுக்குள்ளேயே போனாலும் கேள்விகள் பக்கவாட்டில்தான் வரும். தேன்குழாய் சூலகத்தைவிட நீளமா, நுனி தடித்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா? கூடவே முன்பக்கம் ஒரு கேள்வி: அல்லி இதழ்கள் முழுசாக இருக்கின்றனவா, இரண்டாகப் பிளந்திருக்கின்றனவா? இந்த நாலைந்து விடையும் கையில் இருந்தால் பாதிப் பட்டியல் கழிந்துவிடும். டென்ட்ரோபியத்தில் தேன்குழாய்க்குப் பதில் வேறொன்று பார்க்க வேண்டும். தூணின் அடி முன்னோக்கி நீண்டு, பக்கத்துப் புல்லி இதழ்களோடு சேர்ந்து தாடைபோல ஒரு புடைப்பை உண்டாக்கும். அது கூரா, மழுங்கலா, எவ்வளவு நீளம் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

பக்கவாட்டுப் படம் இன்னொன்றையும் சொல்லும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மொட்டு விரியும்போது பூக்காம்பும் சூலகமும் 180 பாகை முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் உதட்டிதழ் கீழே வருகிறது. முறுக்காத இனங்களில் உதட்டிதழ் மேலே இருக்கும். இளஞ்சிவப்புக் கதிராகப் பூக்கும் சட்டிரியம் நேபாலென்ஸ் அப்படிப்பட்டது. உதட்டிதழ் மேலே நிற்க, அதிலிருந்து பின்னால் ஒன்றல்ல, இரண்டு தேன்குழாய்கள் இறங்கும். பூவைத் திருப்பிப் பிடித்துப் படம் எடுத்தாலோ, அப்புறம் கணினியில் படத்தைச் சுழற்றினாலோ இந்தச் செய்தி போய்விடும். செடி நின்ற நிலையிலேயே எடுங்கள், எது மேல் பக்கம் என்பதைக் குறித்து வையுங்கள். மரக்கிளையில் தொங்கும் பூங்கொத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

தூணையும் அதன் நுனியில் உள்ள மகரந்தத்தையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மகரந்தம் தூளாக உதிராது. மெழுகுபோல இறுகி, சின்ன உருண்டைகளாக ஒரு மூடிக்குள் இருக்கும். எண்ணிக்கை பேரினத்துக்குப் பேரினம் மாறும்: வாண்டாவில் 2, டென்ட்ரோபியத்தில் 4, எரியாவில் 8. ஒரு பேரினமா இன்னொன்றா என்று இழுபறி வரும்போது இந்த எண்ணிக்கையே வழக்கை முடித்துவிடும். ஆனால் பார்க்க மூடியைத் திறக்க வேண்டும், திறந்தால் அந்தப் பூ வீண். நான் செடியில் இருக்கிற பூவைத் தொடுவதில்லை. மரத்தடியில் பாருங்கள், உதிர்ந்த பூ ஒன்றிரண்டு கிடக்கும். உயரக் கிளையில் பூத்து, எட்டாத ஆர்க்கிட்களுக்கும் இதுதான் வழி. உதிர்ந்த பூவைக் கறுப்புத் துணியில் வைத்து, குண்டூசி முனையால் மூடியை நெம்பினால் மஞ்சள் உருண்டைகள் வெளியே வரும். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து ஒரு படம். மேலே இருக்கிற செடியிலிருந்துதான் இது விழுந்தது என்பதற்கு, மேலே நோக்கி ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

1862இல் சார்லஸ் டார்வின் ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றி எழுதியபோது, ஆர்கிஸ் மாஸ்குலா பூவுக்குள் பென்சில் முனையை விட்டு எடுத்துப் பார்த்ததைச் சொல்கிறார். மகரந்தத் திரள் பென்சிலில் ஒட்டிக்கொண்டு நேராக நிற்கும். அரை நிமிடத்தில் தானாக முன்னோக்கிச் சாயும். அடுத்த பூவுக்குள் நுழையும்போது சரியாகச் சூல்முடியில் போய் இடிக்க அந்தச் சாய்வு வேண்டும். பூச்சி வேறு பூவுக்குப் பறந்துபோகவும் அவ்வளவு நேரம் கிடைத்துவிடும். நான் பென்சில் விட்டுப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தேனீ பூவிலிருந்து பின்வாங்கி இலையில் உட்கார்ந்து, முன்னங்காலால் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததை லென்ஸ் வழியாகக் கண்டிருக்கிறேன். நெற்றியில் இரண்டு மஞ்சள் குச்சிகள் நட்டுக்கொண்டு நின்றன. எவ்வளவு தேய்த்தும் வரவில்லை. அன்று எடுத்ததில் பெயர் கண்டுபிடிக்க உதவிய படம் எதுவும் இல்லை, இருந்தாலும் அதை நான் அழிக்கவில்லை.

நான் அனுப்புகிற படங்களைப் பொறுமையாகப் பார்த்துத் தருகிற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "பூ இருக்கட்டும், அது எங்கேயிருந்து கிளம்புது?" "அடியிலேருந்து சார், குமிழுக்குப் பக்கத்துல." "இலை எத்தனை?" "ஒரு குமிழுக்கு ஒண்ணு." "அப்போ பல்போஃபில்லம் பக்கம் பாருங்க." பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பேரினம் வரை வந்துவிட்டோம்!

பூக்காம்பு எங்கேயிருந்து புறப்படுகிறது என்ற படத்தை யாரும் எடுப்பதில்லை. பாசியும் சருகும் மூடி, பார்க்க அழகில்லாத இடம் அது. பல்போஃபில்லத்தில் போலிக்குமிழின், அதாவது குமிழ்போலத் தடித்த தண்டின், அடியிலிருந்து காம்பு வரும். சீலோகைனியில் பெரும்பாலும் குமிழின் உச்சியில், இலைகளுக்கு நடுவிலிருந்து. டென்ட்ரோபியத்தில் தண்டின் கணுக்களிலிருந்து. வாண்டா, ஃபெலனாப்சிஸ் போன்றவற்றில் குமிழே கிடையாது. ஒரே தண்டு மேலே மேலே வளரும், காம்பு இலைக்கக்கத்தின் பக்கமாகப் பிதுங்கும். வாண்டா கூட்டத்தில் இலை நுனியையும் விடாதீர்கள். யாரோ கடித்துத் துப்பிய மாதிரி, இரண்டு பக்கமும் சமமில்லாமல் முடிந்திருக்கும். ஒபெரோனியாவில் இலைகள் தட்டையாகி விசிறிபோல ஒன்றையொன்று கவ்வி நிற்கும், பூ இல்லாத காலத்திலும் அதை வைத்துப் பேரினத்தைச் சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்ல அதன் பூ வேண்டும், அந்தப் பூவோ பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அங்கேதான் லென்ஸ் விஷயம் வருகிறது.

கருவிகளைப் பற்றி நிறையப் பேசலாம், நான் கொஞ்சமாக நிறுத்திக்கொள்கிறேன். 100 மி.மீ. அளவிலான மேக்ரோ லென்ஸ் ஒன்று இருந்தால் பூவிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றே எடுக்கலாம். அது இல்லாதவர்கள் கையில் இருக்கிற 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. நீட்டிப்புக் குழாய் போட்டால், பூவின் நிஜ அளவில் பாதி சென்சாரில் விழும். பல ஆர்க்கிட்களுக்கு அது போதும். ஒபெரோனியா மாதிரி மிகச் சிறியவற்றுக்கு லென்ஸின் முன்னால் மாட்டுகிற குளோசப் லென்ஸ் நல்ல உதவி. ரேனாக்ஸ் 250 என்பதைப் பலர் வைத்திருக்கிறார்கள். கைபேசியின் மேக்ரோ மோடும் மோசமில்லை, ஆனால் அது பூவுக்கு மிக நெருங்கச் சொல்லும். நெருங்கினால் கைபேசியின் நிழலே பூ மேல் விழும். கொஞ்சம் விலகி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் வெளிச்சமும் கிடைக்கும், பூவின் வடிவமும் கோணலாகாது.

எந்தக் கருவியானாலும் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று: தெளிவு விழுகிற ஆழம். முழு அளவு சென்சாரில், நிஜ அளவுக்கு நெருங்கி, லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தால் தெளிவாக விழுவது கிட்டத்தட்ட 1.3 மி.மீ. மட்டுமே. உதட்டிதழின் நுனிக்கும் தூணுக்கும் இடையே இதைப்போலப் பல மடங்கு தூரம் இருக்கும். சரி, துளையை இன்னும் சுருக்கி எஃப் 32 வைத்துவிடலாமே என்றால், ஒளி வளைந்து சிதறி எல்லாமே ஒரேயடியாக மங்கும். நிஜ அளவில் எஃப் 11 என்பதே எஃப் 22 போலத்தான் வேலை செய்கிறது. ஆகவே முழுப் பூவுக்கு அவ்வளவு நெருங்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். நெருக்கத்தை உதட்டிதழின் முகடு, தூணின் நுனி போன்ற ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக வைத்துக்கொள்ளலாம். கூடவே, எந்தப் பாகம் முக்கியமோ அது சென்சாருக்கு இணையான தளத்தில் வரும்படி கேமராவைச் சாயுங்கள். தேன்குழாயை அளக்க எடுக்கிற படத்தில் குழாய் முழுக்க ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் நீளம் குறைந்து தெரியும்.

ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குகிற ஸ்டாக்கிங் முறை உதிர்ந்த பூவுக்கு அருமை. காட்டில் காற்று விடாது. மெல்லிய காம்பில் நிற்கும் பூ, நமக்குத் தெரியாத காற்றிலும் ஆடும். முக்காலியை விரித்து அடுக்க முயன்று கழுத்து வலித்ததுதான் பெரும்பாலும் மிச்சம். ஒரு கவ்வியால் காம்பை, பூவுக்குக் கீழே, மென்மையாகப் பிடித்து நிறுத்தினால் ஓரளவு சரிப்படும். இல்லையென்றால் ஃபிளாஷ்.

பல்போஃபில்லத்தில் ஃபிளாஷ் இல்லாமல் நான் முயல்வதே இல்லை. அதன் உதட்டிதழ் ஒரு கீலில் மாட்டினாற்போல் தூணின் அடியில் தொங்கும். மூச்சுக் காற்று பட்டாலே மேலும் கீழும் ஆடும். குட்டி ஈ ஒன்று நாற்றத்துக்கு வந்து உதட்டிதழின் நுனியில் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. நடந்து உள்ளே போனது. எடை ஒரு கட்டத்தைத் தாண்டியதும் உதட்டிதழ் பொசுக்கென்று மேலே மடங்கி, ஈயைத் தூணோடு சேர்த்து அழுத்தியது. ஈ முதுகைத் திருப்பித் திணறி, பின்னால் நகர்ந்து வெளியே வந்தது. இதெல்லாம் கண்ணிமைக்கிற நேரத்துக்குள். அந்த உதட்டிதழ் மேலே இருக்கிறபோது ஒன்று, கீழே இருக்கிறபோது ஒன்று என இரண்டு படங்கள் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வடிவத்தை விவரித்தால் தவறாகிவிடும். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாளோ மெல்லிய துணியோ மறைப்பாக வைத்துக்கொண்டால் பளபளப்புத் திட்டுகள் வராது.

வெளிச்சத்தில் வெள்ளைப் பூதான் பெரிய சோதனை. கேமரா சுற்றியிருக்கிற இருண்ட பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். முகடு, நரம்பு, மயிர் எல்லாம் போச்சு. எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள், இருண்ட படத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. அடர் ஊதா, மெஜந்தா பூக்களில் வேறொரு கோளாறு. கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தமாக ஒழுங்காகத் தெரிந்தாலும் சிவப்புப் பகுதி மட்டும் தனியாக வெளுத்திருக்கும், அதனால் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். மரங்களுக்கடியில் எல்லாமே பச்சையேறி வரும். சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பூ பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவைத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்ய ஒரு பிடிமானம் இருக்கும்.

மயிர்களுக்குப் பக்க வெளிச்சம் வேண்டும். ஸ்பைராந்தெஸ் மாதிரி சிலவற்றில் கதிர்த்தண்டிலும் சூலகத்திலும் சுரப்பி மயிர்கள் உண்டா இல்லையா என்பது பெயரை மாற்றும். நேர் வெளிச்சத்தில் அவை இருக்கிற இடமே தெரியாது. சின்ன டார்ச் ஒன்றைச் செடிக்குப் பின்னால் பிடித்தால் ஒவ்வொரு மயிரின் நுனியிலும் உள்ள துளி கூட மின்னும்.

பூ எப்போது பூக்கும் என்பது தனிக்கதை. புறா ஆர்க்கிட் என்று அழைக்கப்படும் டென்ட்ரோபியம் குருமெனாட்டம் பூத்த அன்றே வாடிவிடும். ஆனால் அது சொல்லிவிட்டுத்தான் பூக்கும்: பெருமழையோடு வெப்பநிலை சட்டென்று இறங்கினால், அதிலிருந்து சுமார் 9 நாளில் அந்த வட்டாரத்துச் செடிகளெல்லாம் ஒரே நாளில் பூக்கும். மழை பெய்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு கேமராவோடு போகலாம். வாசனையையும் எழுதி வையுங்கள், எந்த நேரத்தில் மணந்தது என்பதோடு. சில பூக்கள் பகலில் ஒன்றும் மணக்காமல் இருட்டியதும் மணக்கும். படத்தில் வராத தகவல்களில் இது முதலிடம். அடுத்து உயரம், எந்த மரம், தரையா பாறையா கிளையா என்பவை.

செயலிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். படத்தைக் காட்டினால் தயங்காமல் ஒரு பெயர் சொல்லும். பேரினம் வரை நான் அதைக் கேட்டுக்கொள்வேன், இனத்துக்கு நம்ப மாட்டேன். அது சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா இணையத்தில் வைத்திருக்கும் உலகத் தாவரப் பட்டியலில் அந்த இனம் எந்தெந்த நாடுகளில் இயற்கையாக வளர்கிறது என்று பார்ப்பேன். கடல் தாண்டி வேறு கண்டத்தில் மட்டும் வளர்கிற இனத்தின் பெயரைச் செயலி சொல்லியிருப்பது சர்வ சாதாரணம். பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பிறகு அஸ்கோசென்ட்ரம் வாண்டாவுக்குள் போனது, டோரைட்டிஸ் ஃபெலனாப்சிஸுக்குள் போனது. அதனால் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன், பழைய நூல்களில் தேட அது வேண்டும். ஒஃப்ரிஸ் பேரினத்தில் இனங்கள் பத்துப் பன்னிரண்டுதான் என்பவர்களும் உண்டு, இருநூறுக்கு மேல் என்பவர்களும் உண்டு. நிபுணர்களுக்குள்ளேயே இப்படி இருக்கும்போது நாம் பேரினத்தோடு நின்றால் குறைவு ஒன்றும் இல்லை.

தொட்டியில் வளர்கிற ஆர்க்கிட்டைக் கொண்டுவந்து பெயர் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனிதர் உண்டாக்கிய முதல் ஆர்க்கிட் கலப்பினம், கேலாந்தே டொமினியி, 1856இல் பூத்தது. இன்று இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கப் பதிவேட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட கலப்பினங்கள் இருக்கின்றன. நாலைந்து தலைமுறை கலந்த பூவைப் படம் பார்த்துப் பெயர் சொல்வது நடக்காத காரியம். வாங்கும்போதே தொட்டியில் செருகியிருக்கும் பெயர்ச்சீட்டைப் பூவோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு தொலைந்தால் பெயரும் தொலைந்தது.

காட்டு ஆர்க்கிட் விஷயத்தில் கவலை வேறு. பேஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் 1999இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. சில ஆண்டுகளுக்குள் காட்டில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாத அளவுக்குப் பிடுங்கப்பட்டுவிட்டது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தும் இந்தக் கதி. அதனால் படத்தைப் பகிரும் முன் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிடுகிறேன். இயற்கையில் கண்டதைப் படத்தோடு பதிவிடும் ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்கிக் காட்டும். ஆனால் பட்டியலில் ஏறாத அரிய செடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது, இடத்தை மறைக்கும் அமைப்பை நாமே தேர்வு செய்ய வேண்டும். பின்னணியில் தெரிகிற மலைமுகடு, பெயர்ப்பலகை, பாலம் இவையும் காட்டிக்கொடுக்கும். கூகுள் வரைபடத்தில் தேட அது போதும்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் உள்ள பூஞ்சை சேர்ந்தால்தான் முளைக்கும். பூத்த செடியைச் சுற்றி அந்தப் பூஞ்சை இருக்கிற மண்ணில் பூக்காத இளஞ்செடிகள் இருக்கலாம். நாம் முழங்காலை ஊன்றுவது பெரும்பாலும் அவற்றின் மேல்தான். பின்னணி சுத்தமாக வேண்டும் என்று சுற்றியுள்ள புல்லைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் புல்தான் செடிக்கு மறைவு. குறுக்கே வரும் புல்லைக் கையால் ஓரமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்ததும் விட்டுவிட்டால் போதும்.

ஒரு செடியிடமிருந்து கிளம்பும் முன் நான் சரிபார்ப்பது இவ்வளவுதான்: சூழலோடு முழுச் செடி, இலையும் அதன் நுனியும், காம்பு புறப்படும் இடம், பூங்கொத்து முழுவதும், பூவின் முன், பக்கம், பின், உதட்டிதழ் மேலிருந்து, தூண், அப்புறம் அளவுகோலோடு ஒன்று. பின்பக்கப் படம் எதற்கு என்று கேட்கலாம். புல்லி இதழ்களின் வெளிப்புறத்தில் உள்ள மயிர், புள்ளி, நடுநரம்பின் முகடு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பூ உதிர்ந்த பிறகு அதே செடியிடம் இன்னொரு முறை போக முடிந்தால் காயையும் எடுத்துவிடுங்கள். காய் நிமிர்ந்து நிற்கிறதா தொங்குகிறதா, மேலே வரிமேடுகள் உண்டா என்பதைச் சில நூல்கள் கேட்கும்.

இவ்வளவும் எடுத்த பிறகும் என் கோப்புகளில் "எரியா, இனம் தெரியவில்லை" என்று சில கிடக்கின்றன. அவற்றின் கீழே அடுத்த பருவத்தில் எதைப் படம் எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டில் உதட்டிதழ் மேலிருந்து வேண்டும், ஒன்றில் காய்.